ஏழு எழுத்து, ஐந்து கேள்வி: கொடுத்த எழுத்துகளிலிருந்து ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கும் ஸ்கிராபிள் ஆடுபவர், தி இந்து குறுக்கெழுத்தோடு காலையைத் தொடங்குபவர், ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் விளையாடுபவர், பள்ளிப் பிள்ளைக்கு வினாடிவினா தயாரிப்பவர் எல்லோருமே ஒரே விஷயத்தைத்தான் தேடுவதாக நினைக்கிறார்கள்: "இந்த எழுத்துகள் வரும் சொல் என்ன?" உண்மையில் அவர்கள் கேட்பவை வேறு வேறு கேள்விகள். எந்தக் கேள்வி என்று தெளிவாகாமல் தேடினால், கையில் தேடினாலும் கணினியில் தேடினாலும் நேரம்தான் வீணாகும்.

தொடங்கும் முன் ஓர் ஏற்பாடு. தமிழில் எழுதினால் சில ஆங்கில எழுத்துகள் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே இங்கே டி என்பது 'டாக்' சொல்லின் முதலெழுத்து, டீ என்பது 'டேபிள்' சொல்லின் முதலெழுத்து. பி என்று வருமிடமெல்லாம் 'பென்' சொல்லின் முதலெழுத்து. ஈ என்பது 'எக்' சொல்லுக்கும் ஐ என்பது 'இங்க்' சொல்லுக்கும் முதலெழுத்து.

கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஆர், ஈ, ஏ, டி, ஐ, என், ஜி என்ற ஏழு எழுத்துகளை வைத்துக்கொள்வோம். கடைசிவரை இதே ஏழுதான்.

முதல் கேள்வி: ஏழையும் ஒரு முறை மட்டும், ஒன்றுகூட மிஞ்சாமல் பயன்படுத்தும் சொல். இதுதான் அனகிராம். விடை ரீடிங், கிரெய்ண்ட். கிரெய்ண்டின் ஸ்பெல்லிங் ஜி-ஆர்-ஏ-ஐ-என்-ஈ-டி. ஸ்கிராபிள் அகராதிகளில் இன்னும் ஒன்றிரண்டு அரிய சொற்கள் இருந்தாலும் அன்றாட ஆங்கிலத்தில் இந்த இரண்டே.

இரண்டாவது: இந்த ஏழில் சிலவற்றை மட்டும் எடுத்துக் கட்டும் சொல். கார்டன், டேஞ்சர், ரீகெய்ன், டேரிங் எல்லாம் இதில் சேரும். ஸ்கிராபிள் பலகை முன்னால் உட்கார்ந்தவரின் கேள்வி இது.

மூன்றாவது: ஏழு எழுத்தும் கட்டாயம் இருக்க வேண்டும், கூடவே வேறு எழுத்துகளும் வரலாம். இப்படித் தேடினால் கிரேடியன்ட், ட்ரீமிங், ஸ்ப்ரெடிங், டிராகன்ஃப்ளைஸ் கிடைக்கும்.

நான்காவது: இந்த ஏழு எழுத்துகளே, ஆனால் ஒவ்வொன்றையும் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். நியூயார்க் டைம்ஸ் வெளியிடும் ஸ்பெல்லிங் பீ புதிரின் விதி இதுதான். அங்கே நடு எழுத்து கட்டாயம், சொல் குறைந்தது நான்கு எழுத்து நீளம் இருக்க வேண்டும். ஏழையும் தொட்டுவிட்டால் அதற்குப் பாங்கிராம் என்று பெயர். நம் ஏழுக்கு கார்டனிங், எண்டியரிங், எண்டேஞ்சரிங், கிரெனடீன் நான்குமே பாங்கிராம்கள்.

ஐந்தாவது: எழுத்துகள் இதே வரிசையில் ஒட்டியபடி வர வேண்டும். அப்போது ஸ்ப்ரெடிங், த்ரெடிங், மிஸ்ரீடிங், ப்ரூஃப்ரீடிங் சேரும். கிரேடியன்ட் வெளியே போய்விடும். அதில் ஏழு எழுத்தும் உண்டு, ஆனால் சிதறிக் கிடக்கின்றன.

இணையத்தில் 'இந்த எழுத்துகள் உள்ள சொற்கள்' என்று தேடினால் வரும் பக்கங்களில் பாதி இரண்டாம் கேள்விக்கும் மீதி மூன்றாம் கேள்விக்கும் பதில் சொல்பவை. பட்டியல் தவறாக இருக்கிறதே என்று தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள்.

கையால் தேடும் முறை

ஏழு வெவ்வேறு எழுத்துகளை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். ஓர் எழுத்து இரண்டு முறை வந்தால் 2,520. ஒன்பது எழுத்து என்றால் 3,62,880. ஆகவே மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பது வழியே அல்ல. சொல்லின் உறுப்புகளைப் பிரிப்பதுதான் வழி.

எழுத்துகளை ஒரே வரியில் எழுதாதீர்கள். வரியில் எழுதினால் கண் அந்த வரிசையிலேயே சிக்கிக்கொள்ளும். கான்சொனன்ட்களை (மெய்யெழுத்துகளை) வட்டமாக எழுதி, வவல்களை (உயிரெழுத்துகளை) நடுவில் வையுங்கள். நம் ஏழில் வட்டத்தில் ஆர், டி, என், ஜி, நடுவில் ஈ, ஏ, ஐ. ஸ்கிராபிள் டைல்கள், அதாவது எழுத்துக் கட்டைகள் என்றால், அவற்றை அடுக்கும் ரேக்கில் இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். கை அசைந்தால்தான் கண்ணுக்குப் புதிய சேர்க்கை தெரியும்.

பிறகு வால்களை உரியுங்கள். ஆங்கிலச் சொற்களின் கடைசிப் பகுதி பெரும்பாலும் ஒரு சிறு பட்டியலுக்குள் அடங்கிவிடும்: ஐ-என்-ஜி, ஈ-டி, ஈ-ஆர், ஈ-எஸ்-டீ, எல்-ஒய், டீ-ஐ-ஓ-என், எம்-ஈ-என்-டீ, என்-ஈ-எஸ்-எஸ், ஓ-யூ-எஸ், ஐ-வி-ஈ, ஐ-டீ-ஒய், ஏ-ஜி-ஈ. கையில் உள்ள எழுத்துகளில் எந்த வால் இருக்கிறதோ அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் பாருங்கள்.

நம் ஏழில் ஐ-என்-ஜியை எடுத்தால் மிச்சம் ஆர், ஈ, ஏ, டி. நான்கே எழுத்து என்பதால் ரீட், டியர், டேர் மூன்றும் சட்டென்று தெரியும். ரீட் வாலோடு சேர்ந்து ரீடிங் ஆகிறது. டேர் சேராது. வால் ஒட்டும்போது அதன் கடைசி ஈ உதிர்ந்து டேரிங் என்ற ஆறெழுத்துச் சொல்லாகிவிடும், ஈ மட்டும் கையில் நிற்கும். ஈ-யில் முடியும் வினைச்சொற்களில் அடிக்கடி ஏமாறும் இடம் இது.

அந்த வாலைத் திரும்ப வைத்துவிட்டு ஈ-டியை எடுங்கள். மிச்சம் ஆர், ஏ, ஐ, என், ஜி. கிரெய்ன் வருகிறது, கிரெய்ண்ட் கிடைக்கிறது. அடுத்து ஈ-ஆர். மிச்சம் ஏ, டி, ஐ, என், ஜி. ஒன்றும் தேறவில்லை. விட்டுவிட்டு அடுத்த வாலுக்குப் போங்கள். ஒரு வாலில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்பது அநாவசியம். பலர் முதலில் கண்ணில் பட்ட வாலையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். ஐ-என்-ஜி கையில் இருந்தால் இந்த ஆசை இன்னும் அதிகம்.

வால்கள் முடிந்ததும் தலைகளைப் பாருங்கள்: யூ-என், ஆர்-ஈ, ஐ-என், டி-ஐ-எஸ், எம்-ஐ-எஸ், ஓ-யூ-டீ, ஓ-வி-ஈ-ஆர், பி-ஆர்-ஈ. பிறகு ஜோடிகள். எஸ்-ஹெச், சி-ஹெச், டீ-ஹெச், சி-கே, கியூ-யூ மாதிரி ஒட்டியே திரியும் எழுத்துகளை ஒரே டைலாக நினைத்துக்கொண்டால் ஏழு எழுத்துப் புதிர் ஆறெழுத்துப் புதிராகச் சுருங்கும்.

முழுச் சொல் வரவில்லையென்றால் ஓர் எழுத்தை மாற்றி மாற்றி விலக்குங்கள். நம் ஏழில் ஐயை விலக்கினால் கார்டன், டேஞ்சர், காண்டர், ரேஞ்ச்ட் என நான்கு சொற்கள் ஒரே ஆறு எழுத்துகளிலிருந்து வருகின்றன. ஈயை விலக்கினால் டேரிங். ஆரை விலக்கினால் கெய்ண்ட், டியை விலக்கினால் ரீகெய்ன், ஏயை விலக்கினால் ரிங்ட், ஜியை விலக்கினால் ரெய்ண்ட். என்னை விலக்கினால் மட்டும் புழக்கத்தில் உள்ள சொல் எதுவும் இல்லை. இந்தச் சுற்றைப் பயிற்சியாகவே செய்யலாம். ஏழு எழுத்து, ஏழு விலக்கல், பத்து நிமிடம்.

ஸ்கிராபிளில் இதற்கு எதிர்த்திசைப் பயிற்சியும் வேண்டும். பலகையில் ஏற்கனவே இருக்கும் ஓர் எழுத்தைக் கணக்கில் எடுத்து எட்டெழுத்துச் சொல் கட்டுவது. எம் இருந்தால் ட்ரீமிங், ஹெச் இருந்தால் அட்ஹியரிங், ஒய் இருந்தால் ரெடியிங், டீ இருந்தால் கிரேடியன்ட் அல்லது ட்ரெடிங், இன்னொரு டி இருந்தால் ட்ரெடிங் போலவே ஒலித்தாலும் டி-யில் தொடங்கும் டி-ஆர்-ஈ-ஏ-டி-ஐ-என்-ஜி. ரேக்கில் உள்ள ஏழு டைலும் ஒரே முறையில் போனால் 50 புள்ளி கூடுதல் என்பதால், ஏழெழுத்துச் சொல்லை வைக்க இடமில்லாதபோது இந்த எட்டெழுத்துத் தேடல்தான் ஆட்டத்தைத் திருப்பும்.

குறுக்கெழுத்தில் அனகிராம் இருப்பதைக் குறிப்பே காட்டிக்கொடுக்கும். குழம்பிய, உடைந்த, புரட்டிய, போதையேறிய என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் குறிப்பில் இருந்தால், அதன் பக்கத்துச் சொற்களின் எழுத்துகளை எண்ணுங்கள். எண்ணிக்கை அடைப்புக்குறியில் உள்ள எண்ணோடு பொருந்தினால் அனகிராம் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். உதாரணத்துக்கு 'அப்செட் டேஞ்சர் இன் ப்ளாட்', ஆறு எழுத்து. டேஞ்சரைப் புரட்ட வேண்டும், பொருள் ப்ளாட், அதாவது மனை. விடை கார்டன். ரீடிங்கா கிரெய்ண்டா என்று இரண்டு விடை நின்றால் குறுக்கே வரும் எழுத்துதான் தீர்ப்பு. இரண்டுக்குமே மூன்றாம் எழுத்து ஏ, ஆகவே அது உதவாது. நான்காம் எழுத்து ரீடிங்குக்கு டி, கிரெய்ண்டுக்கு ஐ.

கூடுதல் எழுத்து அனுமதிக்கப்பட்டால்

மூன்றாம் கேள்வியில் மிக அரிதான எழுத்திலிருந்து தொடங்குங்கள். எக்ஸ், சி, எல் மூன்றும் வேண்டுமென்றால் எக்ஸைப் பிடியுங்கள். எக்ஸுக்குப் பிடித்த இடங்கள் மிகச் சில. சொல்லின் தொடக்கத்தில் ஈக்குப் பின்னால் வரும்: எக்செல், எக்ஸ்க்ளெய்ம், எக்ஸ்க்ளூட். கடைசியில் வரும்: க்ளைமேக்ஸ். நடுவில் வரும்: லெக்சிகன். எல்லிலிருந்து தொடங்கியிருந்தால் ஆயிரக்கணக்கான சொற்களில் அலைய வேண்டியிருக்கும்.

மற்ற அரிய எழுத்துகளின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். வி-யில் முடியும் ஆங்கிலச் சொல் மிக அரிது, பின்னால் ஈ ஒட்டியிருக்கும். ஜே பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் நிற்கும். கியூவுக்குப் பின்னால் யூ வராத சொற்கள் ஃபக்கீர் (எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர்) மாதிரி வேற்று மொழியிலிருந்து வந்தவை. வவலே இல்லாததுபோல் தோன்றினால் ஒய்யைத் தேடுங்கள்: ரிதம், மித், லிங்க்ஸ்.

தமிழ்க் காதுக்குப் பழகியவர்கள் ஒலியை நம்பித் தேடுவதால் தவறவிடும் எழுத்துகளும் உண்டு. ஒலிக்காத கே, ஜி, டபிள்யூ, பி: நைஃப், நாட் (ஜி-என்-ஏ-டீ), ரைட் (டபிள்யூ-ஆர்-ஐ-டீ-ஈ), சைக்காலஜி. கையில் கேயும் என்னும் சேர்ந்திருந்தால் ஒலிக்காத கேயையும் ஒரு முறை முன்னால் வைத்துப் பாருங்கள்.

ஒட்டியபடி வர வேண்டிய எழுத்துகள்

டபிள்யூ-கே-டபிள்யூ அடுத்தடுத்து வரும் சொல்? என்-கே-என்? ஹெச்-ஹெச்? பார்த்தால் நடக்காத சேர்க்கைபோல் இருக்கும். இப்படிப்பட்டவை பெரும்பாலும் இரண்டு துண்டுகள் ஒட்டும் தையலில்தான் கிடைக்கும். அக்வர்ட் என்பதில் முதல் சேர்க்கை. அன்னோனில் இரண்டாவது, யூ-என் முன்னொட்டும் நோனும் சேரும் இடம். வித்ஹோல்ட், ஹிட்ச்ஹைக்கரில் மூன்றாவது. கேட்ச்ஃப்ரேஸில் டீ-சி-ஹெச்-பி-ஹெச்-ஆர் என ஆறு கான்சொனன்ட் வரிசையாக நிற்கின்றன. ஆகவே தரப்பட்ட கூட்டத்தை ஒவ்வோர் இடத்திலும் வெட்டிப் பாருங்கள். வெட்டுக்கு முன்னால் ஒரு சொல் முடியுமா, பின்னால் ஒரு சொல் தொடங்குமா என்று கேட்டால் விடை வந்துவிடும்.

ஒன்லுக்கில் தேடுவது

ஒன்லுக் என்ற இணைய அகராதித் தேடுபொறி இந்த வேலைக்கு நல்ல கருவி. அதன் குறிகள் ஏழெட்டுதான். ? ஓர் எழுத்துக்கு, * எத்தனை எழுத்துக்கும், @ ஒரு வவலுக்கு, # ஒரு கான்சொனன்டுக்கு. எழுத்துகளின் முன்னும் பின்னும் // போட்டால் அனகிராம். கடைசியில் - போட்டு எழுத்துகளைத் தந்தால் அவற்றை விலக்கும். + போட்டுத் தந்தால் அந்த எழுத்துகளுக்குள்ளேயே தேடும், அதாவது நான்காம் கேள்வி. காற்புள்ளி இரண்டு நிபந்தனைகளை இணைக்கும்.

ஆர்-இல் தொடங்கி எம்-இல் முடியும் ஆறெழுத்துச் சொல் வேண்டுமென்றால் ஆர்????எம். ரிடீம், ரிஃபார்ம், ரேன்சம், ரேண்டம், ரிதம் எல்லாம் வரும். கடைசியில் ஈயையும் ஏயையும் விலக்கினால் இந்த ஐந்தில் ரிதம் மட்டுமே நிற்கும்.

எக்ஸ், சி, எல் மூன்றும் வேண்டுமென்றால் *எக்ஸ்*,*சி*,*எல்* என்று காற்புள்ளியிட்டு எழுதுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. இரண்டு ஈ வேண்டும் என்பதற்காக *ஈ*,*ஈ* என்று எழுதினால் அது ஒரே நிபந்தனையை இரண்டு முறை சொன்னதாகத்தான் ஆகும், ஓர் ஈ உள்ள சொல்லும் உள்ளே வந்துவிடும். *ஈ*ஈ* என்று ஒரே வடிவத்தில் எழுத வேண்டும். ஒன்லுக் ஆள், ஊர்ப் பெயர்களையும் தொடர்களையும் சேர்த்தே காட்டும். குறுக்கெழுத்துக்கு அது வசதி, ஸ்கிராபிளுக்குத் தொல்லை.

எக்செல்லில் ஒரே சூத்திரம், நான்கு விடை

அடிக்கடி தேடுபவர்கள் சொந்தச் சொற்பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது. எனேபிள் என்ற, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பட்டியலில் 1.7 லட்சத்துக்கு மேல் சொற்கள் உள்ளன, வரிக்கு ஒரு சொல். எக்செல் தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு, தாராளமாக அடங்கும்.

ஒட்டுவதற்கு முன் முதல் நெடுவரிசையை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ட்ரூ, ஃபால்ஸ் என்ற இரண்டு சொற்களையும் எக்செல் தர்க்க மதிப்பாக மாற்றிவிடும். அடுத்த நெடுவரிசையில் க்ளீன், ட்ரிம், லோயர் மூன்றையும் போட்டு எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால்கூடக் கீழே வரும் கணக்கு ஒன்றால் தப்பும்.

மூன்றாம் நெடுவரிசையில் சப்ஸ்டிட்யூட் செயல்பாட்டை ஏழு முறை ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள், எழுத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அந்த எழுத்துக்குப் பதிலாக வெற்று, நான்காம் இடத்தில் 1. அந்த 1 மிக முக்கியம். முதலில் வரும் ஓர் எழுத்தை மட்டும் நீக்கு என்று அர்த்தம். கையில் இரண்டு ஈ இருந்தால் ஈக்கும் இரண்டு முறை வைக்க வேண்டும். நான்காம் நெடுவரிசையில் மிச்சத்தின் நீளத்தை லென் மூலம் எடுங்கள்.

மிச்சம் 0 என்றால் அந்தச் சொல்லை நம் எழுத்துகளால் கட்டலாம், இரண்டாம் கேள்விக்கு விடை. மிச்சம் 0, சொல்லின் நீளமும் 7 என்றால் அனகிராம். சொல்லின் நீளத்திலிருந்து மிச்சத்தைக் கழித்து 7 வந்தால் ஏழு எழுத்தும் அதில் உண்டு, மூன்றாம் கேள்வி. கிரேடியன்டில் மிச்சம் டீ மட்டும், எட்டில் ஒன்று போக ஏழு. ஸ்கிராபிளில் ஏழு எழுத்தோடு எந்த எழுத்தாகவும் நிற்கக்கூடிய ஒரு பிளாங்க் டைலையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் மிச்சம் 1 வரை அனுமதியுங்கள். நான்காம் இடத்து 1-ஐ எடுத்துவிட்டால் வரும் இடமெல்லாம் நீங்கும், அப்போது மிச்சம் 0 ஆனவை நான்காம் கேள்விக்கு விடை. அவற்றில் நடு எழுத்து உள்ள, நான்கெழுத்துக்குக் குறையாத சொற்கள் ஸ்பெல்லிங் பீ விடைகள். ஒட்டியபடி வர வேண்டிய ஐந்தாம் கேள்விக்கு மட்டும் சர்ச் செயல்பாடு போதும். சப்ஸ்டிட்யூட் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகவே பார்க்கும், சர்ச் பார்க்காது. லோயர் போடச் சொன்னது அதனால்தான்.

பெரிய பட்டியலில் அனகிராம்களை மொத்தமாகப் பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி ஒரு சாவி உண்டாக்குங்கள். லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல் நான்குக்கும் சாவி ஈ-ஐ-எல்-என்-எஸ்-டீ. எஜுகேஷன், காஷன்ட், ஆக்ஷன்ட் மூன்றும் இன்னொரு சாவியில் சேரும். எக்செல் 365-இல் உள்ளிருந்து வெளியே லென், சீக்வென்ஸ், மிட், சார்ட், கன்கேட் என்ற வரிசையில் செயல்பாடுகளை அடுக்கினால் சாவி வந்துவிடும். கணக்கு முடிந்ததும் சூத்திரத்தை விட்டு விடையை மட்டும் வேல்யூஸ் ஆக ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் கோப்பு நகராது. இந்தச் சாவியின் பலன் எண்ணிக்கையில் தெரியும். ஏழு வெவ்வேறு எழுத்துகளிலிருந்து ஒன்று முதல் ஏழு எழுத்து வரை எடுத்து அடுக்கினால் 13,699 வரிசைகள். சாவியாகப் பார்த்தால் 127 தான்.

விடை வராமல் போகும் இடங்கள்

வேர்டிலில் சாம்பல் நிறம் வந்தால் அந்த எழுத்தே இல்லை என்று எப்போதும் அர்த்தமில்லை. விடை க்ரேன், நீங்கள் போட்டது ஷீன் என்றால் முதல் ஈ மஞ்சளாகவும் (எழுத்து உண்டு, இடம் வேறு) இரண்டாவது ஈ சாம்பலாகவும் வரும். விடையில் ஈ ஒன்றுதான் என்பதே அதன் பொருள். ஈயை விலக்கும் பட்டியலில் சேர்த்தால் விடையும் சேர்ந்தே விலகிவிடும்.

ஸ்பெல்லிங் மரபும் விடையை மாற்றும். பிரிட்டிஷ் முறையில் எஸ் போட்டு எழுதும் ஆர்கனைஸ்ட் என்பதன் எழுத்துகளைக் கலைத்தால் கிராண்டியோஸ் வருகிறது. அமெரிக்க முறையில் இசட் போட்டால் வராது. தி இந்து குறுக்கெழுத்தில் முதலில் எஸ்ஸையும், அமெரிக்கப் புதிரில் முதலில் இசட்டையும் முயலுங்கள்.

பட்டியலின் வயதையும் பாருங்கள். கியூ-ஐ என்ற ஈரெழுத்துச் சொல் வட அமெரிக்க ஸ்கிராபிள் பட்டியலில் 2006-இல்தான் சேர்ந்தது, அதற்கு முந்திய பட்டியல்களில் இருக்காது. உலகப் போட்டிகளுக்கான காலின்ஸ் பட்டியல் வட அமெரிக்கப் பட்டியலைவிடப் பெரியது. ஆட்டம் தொடங்கும் முன் எந்தப் பட்டியல் என்று இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

கடைசியாக, கண்டுபிடித்த சொல்லை எழுதி, கையிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். கார்டனிங் மனசுக்குள் ரீடிங்கின் எழுத்துகளில் அடங்கிவிட்டதுபோலவே தோன்றும். அடித்துப் பார்த்தால்தான் இரண்டாவது என்னும் இரண்டாவது ஜியும் கையில் இல்லை என்பது தெரியும்.